உள்ளே வடிகட்டுவதா, காட்டும் இடத்தில் எஸ்கேப் செய்வதா? எக்ஸ்எஸ்எஸ் ஓட்டையை அடைக்கும் வழிகள் ஓர் ஒப்பீடு

ஒரு வெப் அப்ளிகேஷனைப் பாதுகாப்புச் சோதனைக்குக் கொடுத்தால், திரும்பி வரும் அறிக்கையில் 'கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்' (சுருக்கமாக எக்ஸ்எஸ்எஸ்: ஒருவர் கொடுத்த உள்ளீடு இன்னொருவரின் பிரவுசரில் ஸ்கிரிப்டாக ஓடிவிடும் ஓட்டை) என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்ததும் பல டீம்கள் எடுக்கும் முதல் நடவடிக்கை, படிவத்தில் வரும் மதிப்பில் 'ஸ்கிரிப்ட்' என்ற சொல்லைத் தேடி அழிக்கும் ஒரு வரி புரோகிராம் கோடு. சோதனை செய்தவர் கொடுத்த அதே உள்ளீடு மறுசோதனையில் வேலை செய்யாது. அறிக்கையில் அந்த வரி பச்சையாகிவிடும். ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்குக் கையில் இருக்கும் வழிகள் ஐந்து: உள்ளீட்டில் தடைப்பட்டியல் ஃபில்டர் (தீயவை என்று பட்டியலிட்ட சொற்களை அழிப்பது), காட்டும் இடத்தில் எஸ்கேப் (சிறப்புப் பொருளுள்ள எழுத்துகளைப் பிரவுசர் வெறும் எழுத்தாகக் காட்டும் குறிகளாக மாற்றுவது), ஹெச்டிஎம்எல் சானிடைசர் (ஆபத்தான டேகுகளை நீக்கிச் சுத்தம் செய்யும் லைப்ரரி), சிஎஸ்பி ஹெடர் (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்வது), முன்னால் நிற்கும் வாஃப் (வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால்). முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெறும் எழுத்தாக மட்டும் காட்ட வேண்டிய எதற்கும் எஸ்கேப் போதும், அதுவே சரி. தடித்த எழுத்து, லிங்க் என வடிவமைப்போடு காட்ட வேண்டியதற்கு மட்டும் சானிடைசர். சிஎஸ்பி இவற்றுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் வரிசை. வாஃப் தற்காலிக ஏற்பாடு. தடைப்பட்டியல் ஃபில்டரை நம்பி எதையும் கட்டக் கூடாது. கீழே அதிக இடம் பிடிப்பது அந்தக் கடைசி விஷயம்தான், ஏனென்றால் இன்றும் அதிகம் எழுதப்படுவது அதுதான்.

தடைப்பட்டியல் ஏன் தோற்கிறது

2005 அக்டோபர் 4 அன்று மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் சாமி கம்கர் என்பவர் விட்ட வார்ம் (தானாகவே பரவும் நிரல்) ஒரு நாளுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர் பக்கங்களில் பரவியது. மைஸ்பேஸில் ஃபில்டர் இல்லாமல் இல்லை. ஸ்கிரிப்ட் டேக் (பக்கத்தில் கோடை வைக்கும் ஹெச்டிஎம்எல் குறி) தடை செய்யப்பட்டிருந்தது. அவர் டிவ் டேகின் ஸ்டைல் ஆட்ரிபியூட்டில் (டேகுக்குள் எழுதும் பண்பில்), பின்னணிப் படத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கோடை வைத்தார். 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லும் அழிக்கப்பட்டது. அவர் 'ஜாவா'வுக்கும் 'ஸ்கிரிப்ட்'டுக்கும் நடுவே ஒரு வரிமாற்றம் வைத்தார். சில பிரவுசர்கள் அதைச் சேர்த்தே படித்தன. பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கோடு படிக்கவும் மாற்றவும் உதவும் 'இன்னர்ஹெச்டிஎம்எல்' என்ற சொல்லும் தடையில் இருந்தது. அதை இரண்டு துண்டாக உடைத்து, ஓடும் நேரத்தில் ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு தடைக்கும் ஒரு சுற்றுவழி இருந்தது. காரணம் எளிது: எது கோடு, எது எழுத்து என்று கடைசியில் தீர்மானிப்பது பிரவுசரின் பார்சர் (ஹெச்டிஎம்எல்லைப் படித்துப் பிரிக்கும் பகுதி). ஃபில்டர் எழுதியவர் அந்த பார்சரைத் தன் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்துத் தேடல் வடிவத்தால்) ஊகிக்கப் பார்க்கிறார்.

இந்த ஊகம் பிசகும் இடங்கள் திரும்பத் திரும்ப வருபவை. ஒருமுறை மட்டும் தேடி அழிக்கும் ஃபில்டரில், ஒரு ஸ்கிரிப்ட் டேகின் நடுவில் இன்னொரு முழு ஸ்கிரிப்ட் டேகைச் செருகிவிட்டால், உள்ளே இருப்பது அழிந்ததும் வெளியே இருந்த இரண்டு பாதிகளும் சேர்ந்து முழு டேக் ஆகிவிடும். ஃபில்டரே தாக்குதலை முடித்துக் கொடுக்கிறது. லிங்கின் முகவரியில் 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்று தொடங்குவதைத் தடுத்தால், நடுவில் &#9; என்ற டேப் எழுத்தை வைக்கலாம். ஹெச்டிஎம்எல் பார்சர் அதை டேப் ஆக மாற்றும். முகவரியைப் படிக்கும் பார்சர் டேப், வரிமாற்றம் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு மீதியைச் சேர்த்துப் படிக்கும். இது இன்றைய பிரவுசர்களிலும் விதிப்படி நடப்பது.

கோண அடைப்புக்குறிகளை மட்டும் தடுத்தால் போதும் என்பவர்கள் ஆட்ரிபியூட்டை மறந்துவிடுகிறார்கள். தேடல் பெட்டியில் பயனர் தட்டியதை அதே பெட்டியின் வேல்யூவில் திரும்பக் காட்டும் பக்கத்தில், ஓர் இரட்டை மேற்கோளை இட்டு வேல்யூவை மூடிவிட்டு, ஆட்டோஃபோகஸையும் (பெட்டியைத் தானாகத் தேர்வது) ஆன்ஃபோகஸையும் (தேர்ந்ததும் கோடை ஓட்டுவது) சேர்த்தால் போதும். பக்கம் திறந்தவுடன் கோடு ஓடும். ஒரு < கூடத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் அடைத்துவிட்டாலும் இன்னொரு வகைப் பிழை மிஞ்சும்: ஃபில்டர் பார்த்த பிறகு மதிப்பு மாறிவிடுவது. 2015 ஏப்ரலில் வேர்ட்பிரஸில் வெளிவந்த ஓட்டை இதற்கு நல்ல பாடம். வேர்ட்பிரஸின் கேஎஸ்இஎஸ் ஃபில்டர் தடைப்பட்டியல்கூட அல்ல. அனுமதித்த டேகையும் ஆட்ரிபியூட்டையும் மட்டும் விடும் ஒழுங்கான அனுமதிப்பட்டியல். கமெண்ட் வந்தபோது அது பார்த்தது ஒரு சாதாரண லிங்க் டேக். அதன் டைட்டில் ஆட்ரிபியூட்டுக்குள் மேற்கோளிட்டு அடக்கமாக இருந்த நீளமான எழுத்து. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் கமெண்ட் சேமிக்கப்படும் டேட்டாபேஸ் அட்டவணையின் டெக்ஸ்ட் நெடுவரிசையின் கொள்ளளவு 65,535 பைட். ஸ்டிரிக்ட் மோட் இல்லாத மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், மிஞ்சியதைப் பிழை சொல்லாமல் வெட்டிவிட்டுச் சேமிக்கும். வெட்டுப்பட்ட பகுதியில் மூடும் மேற்கோளும் போய்விட்டது. அந்த அரைகுறை டேக் பக்கத்தில் வந்தபோது, டைட்டிலுக்குள் அடங்கியிருந்த எழுத்துகள் தனித்தனி ஆட்ரிபியூட்டுகளாக வெளியே வந்து, மவுஸ் பட்டதும் ஓடும் கோடாக மாறின. நிர்வாகி லாகின் செய்த நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அவர் பெயரில் ப்ளகின் எடிட்டர் வழியாக சர்வர் வரைக்கும் போய்விடலாம். 4.2.1 பதிப்பில் திருத்தினார்கள்.

இதே கணக்கைத் தமிழுக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், ஆக 15 பைட். 65,535 பைட்டில் அடங்குவது 21,845 குறியீடுகள்தான். 'அதிகபட்சம் 50,000 எழுத்து' என்று அப்ளிகேஷனில் விதி வைத்து, டேட்டாபேஸ் பைட் கணக்கில் வெட்டினால், ஆங்கிலத்தில் எட்டாத எல்லையைத் தமிழ்க் கட்டுரை சாதாரணமாகவே தாண்டும். ஸ்டிரிக்ட் மோடைப் போடுங்கள். நீளத்தைப் பைட்டிலும் சோதியுங்கள்.

யூனிகோடு சீராக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஃபில்டர் முடிந்த பிறகு என்எஃப்கேசி சீராக்கம் செய்தால், முழுஅகலக் கோண அடைப்புக்குறியான ＜ சாதாரண < ஆகிவிடும். சீராக்குவதாக இருந்தால் சோதனைக்கு முன் செய்ய வேண்டும்.

தடைப்பட்டியல் தோற்பதோடு நிற்பதில்லை, நல்ல பயனரையும் அடிக்கிறது. 'எழுத்து வகை தவிர எதையும் அழி' என்று யூனிகோடு வகைப்பாட்டை வைத்து எழுதிய ஃபில்டர் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் தமிழில் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் யூனிகோடில் 'எழுத்து' அல்ல, 'குறி'. அந்த ஃபில்டர் வழியே போன 'முத்துக்குமார்', 'மததககமர' ஆகி வெளியே வருவார். பெயருக்கான சோதனையில் எழுத்து, குறி இரண்டு வகையையும் அனுமதிக்க வேண்டும். இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியையும், சிலர் க்-ஷ பிரித்து எழுதப் பயன்படுத்தும் அகலமற்ற பிரிப்பானையும் சேர்த்து. உள்ளீட்டுச் சோதனை வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. வயது எண்ணாக இருக்கிறதா, பின்கோடு 6 இலக்கமா, முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா என்பதெல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டியவை. அது தரவு சரியா என்ற கேள்வி. எக்ஸ்எஸ்எஸ் தடுப்பை அதன் தலையில் கட்டுவதுதான் தவறு.

பிரவுசர் நிறுவனங்களே இந்த வழியில் போய்த் திரும்பியிருக்கின்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8இல் வந்த எக்ஸ்எஸ்எஸ் ஃபில்டர், ஓட்டையே இல்லாத பக்கங்களிலும் ஓட்டை உண்டாக்க உதவியது என்பது 2010இல் வெளிப்பட்டது. எட்ஜ் 2018இலும், குரோம் 2019இல் 78ஆம் பதிப்பிலும் தத்தம் ஃபில்டரை எடுத்துவிட்டன. பயர்பாக்ஸ் சேர்க்கவே இல்லை.

காட்டும் இடத்தில் எஸ்கேப்

வந்ததை வந்தபடியே சேமித்து, பக்கத்தில் எழுதும் கணத்தில் ஐந்து எழுத்துகளை மாற்றுவது இந்த வழி: < என்பது &#60;, > என்பது &#62;, & என்பது &#38;, இரட்டை மேற்கோள் &#34;, ஒற்றை மேற்கோள் &#39;. பிரவுசர் இவற்றை எழுத்தாகவே காட்டும். எது தீயது என்று ஊகிக்கும் வேலையே இங்கே கிடையாது. அதனால்தான் ஃபில்டரைவிட இது ஒரு படி மேல்.

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பிஹெச்பியின் ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் ஃபங்ஷன் 8.1 பதிப்புக்கு முன்பு இயல்பு நிலையில் ஒற்றை மேற்கோளை மாற்றாது. ஆட்ரிபியூட்டை ஒற்றை மேற்கோளில் எழுதும் பழக்கம் உள்ள டெம்ப்ளேட்டில் அது திறந்த கதவு. 8.1இலிருந்து இரண்டு மேற்கோளும் மாறும். பழைய சர்வரில் ஓடும் கோடாக இருந்தால் இஎன்டி_கோட்ஸ் கொடியை ஒவ்வோர் இடத்திலும் வெளிப்படையாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன உறை ஃபங்ஷன் எழுதி எங்கும் அதையே அழையுங்கள்.

அடுத்தது இடம். டேகுகளுக்கு நடுவிலும், மேற்கோளிட்ட ஆட்ரிபியூட்டுக்குள்ளும் அந்த ஐந்து மாற்றம் போதும். மேற்கோள் இல்லாத ஆட்ரிபியூட்டில் போதாது. ஓர் இடைவெளி விட்டாலே அடுத்த ஆட்ரிபியூட் தொடங்கிவிடும். டெம்ப்ளேட்டில் எல்லா ஆட்ரிபியூட்டையும் மேற்கோளில் எழுதுவதை விதியாக்குங்கள். லிங்கின் ஹெச்ரெஃப் மதிப்பில் எஸ்கேப் செய்தாலும் 'ஜாவாஸ்கிரிப்ட்:' முகவரி அப்படியே செல்லும், ஏனென்றால் அதில் மாற்ற வேண்டிய எழுத்து ஒன்றும் இல்லை. முகவரியை யூஆர்எல் பார்சரில் கொடுத்து, ஸ்கீம் ஹெச்டிடிபி அல்லது ஹெச்டிடிபிஎஸ் என்றால் மட்டும் விடுங்கள். ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஜேசன் (தரவை எழுத்தாகக் கொடுக்கும் வடிவம்) எழுதும்போது, அந்த ஜேசனின் எந்தச் சரத்திலாவது (எழுத்துத் தொடரிலாவது) மூடும் ஸ்கிரிப்ட் டேக் இருந்தால் பிரவுசர் அங்கேயே ஸ்கிரிப்டை முடித்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மேற்கோளைப் பற்றி ஹெச்டிஎம்எல் பார்சருக்குக் கவலை இல்லை. பிஹெச்பியில் ஜேசன்_ஹெக்ஸ்_டேக் கொடி, ஜாங்கோவில் 2.1இலிருந்து உள்ள ஜேசன்_ஸ்கிரிப்ட் ஃபில்டர் இதற்குத்தான். ஸ்டைலுக்குள்ளும் ஆன்கிளிக் போன்றவற்றுக்குள்ளும் பயனர் மதிப்பை வைக்கவே வேண்டாம். டேட்டா-ஆட்ரிபியூட்டில் வைத்து, கோடிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

ஜாங்கோ, லாராவெலின் பிளேடு, ரெயில்ஸ் 3 முதல், ரியாக்ட் எல்லாம் தானாகவே எஸ்கேப் செய்கின்றன. கோவின் ஹெச்டிஎம்எல்/டெம்ப்ளேட் ஒரு படி மேலே போய், மதிப்பு விழும் இடம் எது என்று பார்த்து அதற்கேற்ற மாற்றம் செய்கிறது. ஜின்ஜா2வைத் தனியாகப் பயன்படுத்தினால் தானியங்கி எஸ்கேப் அணைந்தே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். ஃப்ளாஸ்க் அதை ஹெச்டிஎம்எல் கோப்புகளுக்குப் போட்டுத் தருகிறது. இவ்வகை ஃபிரேம்வொர்க்கில் ஓட்டை தேட வேண்டிய இடம் விலக்குகள்: ஜாங்கோவில் சேஃப், மார்க்_சேஃப், பிளேடில் ஆச்சரியக்குறி போட்ட அடைப்புகள், ரியாக்டில் டேஞ்சரஸ்லிசெட்இன்னர்ஹெச்டிஎம்எல். கோடு முழுக்கத் தேடினால் கைவிரல் எண்ணிக்கையில் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.

எஸ்கேப் செய்துவிட்டுச் சேமிப்பது என்ற நடுவழியையும் பலர் பிடிக்கிறார்கள். வேண்டாம். அதே மதிப்பு நாளை எஸ்எம்எஸ்ஸிலும் பிடிஎஃப் ரசீதிலும் மொபைல் ஆப்பிலும் போகும். அங்கே வாடிக்கையாளர் தன் பெயரில் &#39; என்று பார்ப்பார். டெம்ப்ளேட்டும் எஸ்கேப் செய்தால் அதுவே &#38;#39; ஆகும்.

சானிடைசர் எப்போது

பயனர் எழுதியதைத் தலைப்பும் பட்டியலும் லிங்கும் உள்ள கட்டுரையாகக் காட்ட வேண்டுமென்றால் எஸ்கேப் உதவாது. டேகுகள் எழுத்தாகத் தெரியும். இங்கே மட்டும் ஹெச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்யும் லைப்ரரி தேவை. பிஹெச்பியின் ஸ்ட்ரிப்_டேக்ஸ் அந்த லைப்ரரி அல்ல: அனுமதித்த டேகின் ஆட்ரிபியூட்டுகளை அது தொடாது, ஆகவே பி டேகை அனுமதித்தால் அதன் ஆன்மவுஸ்ஓவரையும் அனுமதித்ததாகவே அர்த்தம். பிஹெச்பிக்கு ஹெச்டிஎம்எல் பியூரிஃபையர், ஜாவாவுக்கு ஓவாஸ்ப் ஜாவா ஹெச்டிஎம்எல் சானிடைசர், பிரவுசரில் டாம்பியூரிஃபை. பைத்தானில் பிளீச் 2023இல் கைவிடப்பட்டது. ரஸ்டில் எழுதிய அமோனியாவின் மேல் நிற்கும் என்ஹெச்3 அதற்கு மாற்று.

இவையும் வழுக்கியிருக்கின்றன. 2019இல் கூகுள் தேடல் பக்கத்திலேயே எக்ஸ்எஸ்எஸ் கண்டுபிடிக்கப்பட்டது. சானிடைசர் தன் சோதனைக்குப் பயன்படுத்திய ஹெச்டிஎம்எல் டெம்ப்ளேட் டேகின் பகுதியில் ஸ்கிரிப்ட் அணைந்திருக்கும். உண்மையான பக்கத்தில் ஸ்கிரிப்ட் இயங்கும். நோஸ்கிரிப்ட் டேகின் உள்ளடக்கத்தை இந்த இரண்டு நிலையிலும் பிரவுசர் வெவ்வேறாகப் பார்ஸ் செய்யும். ஒரே சரம், பார்ஸ் செய்த அமைப்பு (மரம்) இரண்டு. டாம்பியூரிஃபையிலும் மேத்எம்எல், எஸ்விஜி டேகுகளை வைத்து 2019, 2020இல் இதே பாணித் தப்புவழிகள் கண்டுபிடித்துத் திருத்தப்பட்டன. ஆகவே உங்களுக்கு எஸ்விஜியும் கணிதக் குறிகளும் தேவையில்லை என்றால் ஹெச்டிஎம்எல் புரொஃபைலை மட்டும் போடுங்கள். பத்தி, தடிப்பு, சாய்வு, பட்டியல், லிங்க், படம் தாண்டி எதையும், குறிப்பாக ஸ்டைல் ஆட்ரிபியூட்டை, கேட்பவர் காரணம் சொன்ன பிறகே திறங்கள்.

சுத்தம் செய்த சரத்தை அதன்பின் யாரும் தொடக் கூடாது. லிங்கைத் தானாக உருவாக்கும் ஃபங்ஷன், எமோஜி மாற்றி, சுருக்கம் வெட்டும் ஃபங்ஷன் எல்லாம் சானிடைசருக்கு முன்னால் ஓட வேண்டும். மார்க்டவுனும் அப்படியே: பல மார்க்டவுன் லைப்ரரிகள் நடுவில் வரும் ஹெச்டிஎம்எல்லை அப்படியே விடும், மாற்றி முடித்த விளைவைத்தான் சுத்தம் செய்ய வேண்டும். மூலத்தை வைத்திருங்கள், சுத்தம் செய்த வடிவத்தைத் தனி நெடுவரிசையில் கேஷாக வையுங்கள். லைப்ரரியில் திருத்தம் வந்த அன்று கேஷை அழித்தால் பழைய கட்டுரைகளும் புதிய விதியில் வடிகட்டப்படும். சுத்தம் செய்ததை மட்டும் சேமித்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

சிஎஸ்பியும் வாஃபும்

சிஎஸ்பி ஓட்டையை அடைப்பதில்லை. ஓட்டை வழியே வந்த ஸ்கிரிப்டை ஓடவிடாமல் செய்கிறது. எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94.68 சதவீதம் பயனற்றவை என்று தெரிந்தது. டொமைன் பெயர்களை அனுமதிப்பட்டியலில் அடுக்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்: அனுமதித்த சிடிஎன் (பலருக்குக் கோப்புகளைப் பகிர்ந்தளிக்கும் சர்வர்கள்) ஏதாவதொன்றில் பழைய ஆங்குலரோ ஜேசன்பி முகவரியோ இருந்தால் போதும், அதன் வழியே தாக்குபவரின் கோடு ஓடிவிடும். பக்கத்திலேயே எழுதிய ஸ்கிரிப்டை எல்லாம் அனுமதிக்கும் 'அன்சேஃப்-இன்லைன்' போட்டுவிட்டால் மீதி ஹெடர் வெறும் அலங்காரம்.

வேலை செய்யும் வடிவம் நான்ஸ். ஒவ்வொரு பதிலுக்கும் புதிதாக 128 பிட் ரேண்டம் மதிப்பு, அது ஹெடரிலும் நம் ஸ்கிரிப்ட் டேகுகளிலும்; கூடவே 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' (நம்பிய ஸ்கிரிப்ட் ஏற்றும் ஸ்கிரிப்டையும் நம்புவது), ஆப்ஜெக்ட்-எஸ்ஆர்சி 'நன்', பேஸ்-யூஆர்ஐ 'நன்'. முழுப் பக்கத்தையும் சிடிஎன்னில் கேஷ் செய்யும் தளத்தில் நான்ஸ் எல்லோருக்கும் ஒன்றாகிவிடும். அங்கே ஹேஷ் முறையை (ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த அடையாளத்தை ஹெடரில் எழுதுவது) எடுங்கள். பழைய அப்ளிகேஷனில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஆன்கிளிக்குகளை மாற்றியாக வேண்டும் என்பதுதான் உண்மையான செலவு. முதலில், தடுக்காமல் அறிக்கை மட்டும் தரும் ரிப்போர்ட்-ஒன்லி ஹெடரில் சில வாரம் ஓடவிட்டு, எவை உடையும் என்று பார்த்துக்கொண்டு பின்பு அமலாக்குங்கள். பிரவுசர் பக்கக் கோடே இன்னர்ஹெச்டிஎம்எல்லில் சரத்தைக் கொட்டும் டாம் வகை ஓட்டைகளுக்கு, குரோமில் 83ஆம் பதிப்பிலிருந்து உள்ள டிரஸ்டட் டைப்ஸ் (சோதித்த மதிப்பை மட்டும் அங்கே எழுதவிடும் விதி) நல்ல கடிவாளம். சர்வரில் எவ்வளவு எஸ்கேப் செய்தாலும் அந்த வகை அகப்படாது.

வாஃப் என்பது நெட்வொர்க்கில் வைத்த தடைப்பட்டியல். மேலே சொன்ன குறைகள் எல்லாம் அதற்கும் உண்டு. விற்பனையாளர் திருத்தம் தரும்வரை கோடைத் தொட முடியாத மென்பொருளுக்கு அது பொருந்தும். சொந்தக் கோடுக்கு அதையே தீர்வாக எழுதிக் கொடுப்பது சரியல்ல.

எங்கே தொடங்குவது

புதிய திட்டமென்றால் தானாக எஸ்கேப் செய்யும் டெம்ப்ளேட்டும் நான்ஸ் சிஎஸ்பியும் முதல் நாளிலேயே. பின்னால் சேர்ப்பதைவிடப் பல மடங்கு மலிவு. பழைய அப்ளிகேஷனில் ஒவ்வொரு பெட்டியிலும் தேடு7<>"'& போன்ற ஒரு குறிச்சரத்தைக் கொடுத்துச் சேமியுங்கள். பிறகு அது தோன்றும் எல்லாப் பக்கங்களிலும், நிர்வாகி பக்கம், மின்னஞ்சல் உட்பட, பக்க மூலத்தைத் திறந்து 'தேடு7' என்று தேடுங்கள். அதன் பின்னால் வரும் ஐந்து எழுத்தில் எவை மாறாமல் இருக்கின்றன, எந்த இடத்தில் விழுந்திருக்கின்றன என்பதே உங்கள் வேலைப் பட்டியல். டேகுக்கு நடுவில் < மாறாமல் நின்றால் அன்றே சரி செய்யுங்கள். ஸ்கிரிப்டுக்குள் மேற்கோள் மாறாமல் நின்றாலும் அப்படியே.

பழைய ஃபில்டர் எஸ்கேப் செய்தே சேமித்துவைத்த தரவு இருந்தால், வரிசை மிக முக்கியம். முதலில் எல்லா டெம்ப்ளேட்டிலும் வெளியீட்டு எஸ்கேப்பைப் போட்டு, மேலே சொன்ன சோதனையில் தேறியதை உறுதி செய்யுங்கள். அந்தச் சில நாள் பயனருக்கு &#39; கண்ணில் படும், படட்டும். அதற்குப் பிறகுதான் பேக்கப் எடுத்துவிட்டு, உள்ளீட்டு எஸ்கேப்பை நிறுத்திய தேதிக்கு முந்தைய டேட்டாபேஸ் பதிவுகளை மட்டும், ஒரே ஒருமுறை, திரும்ப எழுத்தாக மாற்ற வேண்டும். வரிசையை மாற்றி முதலில் தரவைத் திருப்பினால், இத்தனை வருடமாக டேட்டாபேஸில் முடங்கிக் கிடந்த தாக்குதல் சரங்கள் எல்லாம் அன்று இரவே உயிர்பெறும்.